செம்பனைத் தோட்டத்தில் அளவெடுத்த மூன்று நாள்

மலேசியாவில், ஜொகூர் பாருவில் என்னை அழைத்துப்போக வந்த மைத்துனன் சொக்கலிங்கம், வழக்கத்துக்கு மாறாக என் பெட்டியை வாங்கித் தானே தூக்கிக்கொண்டான். அப்போதே எனக்கு உறுத்தியது. என் மனைவி விசாலாட்சியின் தம்பி அவன். பதினைந்து வருடமாக ஜொகூரில் குடியிருக்கிறான். தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறான். நல்லவன்தான். ஆனால் அடுத்தவர் பெட்டியைத் தூக்குகிற ஆள் இல்லை.

நான் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதகன். சந்தேகப்படுவதற்கே மாதச் சம்பளம் வாங்குகிறவன். மேசைக்கு வருகிற எந்தப் பொருளும் அளவில் கூடவோ குறையவோ இருக்கும் என்று நம்பி இருபத்தோரு வருடம் வேலை பார்த்தால், மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். விசாலாட்சி இதை வியாதி என்கிறாள். நான் அனுபவம் என்கிறேன்.

வந்த காரியம் இதுதான். அடுத்த வாரம் ஜொகூரில் நான்கு நாள் மலைச் சைக்கிள் பந்தயம். இருவர் சேர்ந்தது ஓர் அணி. தினமும் அறுபது எழுபது கிலோமீட்டர் செம்மண்ணிலும் சேற்றிலும் ஓட்ட வேண்டும். அணியில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவரும் நிற்க வேண்டியதுதான். போன வருடம் நானும் சொக்குவும் சேர்ந்து ஓட்டினோம். மூன்றாம் நாள் பாதி வழியில் நின்றோம்.

நின்றது நான். இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய், பிரேக்கைப் பிடிக்க முடியாமல் இறங்கிவிட்டேன். ஆனால் ஊருக்குப் போனதும் விசாலாட்சி முதல் ஆலை வாயிற்காவலர் வரை எல்லாரிடமும், சொக்குவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, அதனால் நின்றோம் என்று சொல்லிவிட்டேன். ஆலையில் மாலை போட்டு வழியனுப்பியிருந்தார்கள், என்ன செய்வது? சொக்கு கடல் தாண்டி இருக்கிறான், ஒரு வயிற்றுப்போக்கினால் அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

இது அவன் காதுக்கு எட்டாமல் இருந்திருக்காது. அக்காளும் தம்பியும் வாரத்துக்கு இரண்டு முறை பேசுகிறவர்கள். ஆனாலும் ஒரு வருடமாக அவன் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். கேட்காதவனை எப்படி நம்புவது? "இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாடியே வந்துருங்க அத்தான், சைக்கிள இங்கயே பார்த்து எடுத்துக்கலாம்" என்று அவன் கூப்பிட்டபோது, என்னை அணியிலிருந்து கழற்றிவிடத்தான் கூப்பிடுகிறான் என்று முடிவுகட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

முதல் நாள் மதியம் வாழையிலைச் சாப்பாடு. இலையில் பாகற்காய் வறுவலை மூன்றாவது முறையாகக் கேட்காமலே வைத்தார்கள். கோயம்புத்தூரில் இரண்டாவது அப்பளம் கேட்டாலே பரிமாறுகிறவர் முகம் மாறும். இவ்வளவு தாராளம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன். சொக்கு என் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் ரசத்தைப் பார்த்தான்.

சாப்பிட்டதும் சைக்கிள் பார்க்கப் பண்டார் தெங்காராவுக்குப் போனோம். ஒரு மணி நேரப் பயணம். குலாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். பொள்ளாச்சித் தென்னந்தோப்பு மாதிரி என்று முதலில் தோன்றும். ஆனால் தோப்பு ஒரு கட்டத்தில் முடியும், இது முடிவதில்லை. மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி. தொழில் முறையில் எனக்கு மரியாதை வந்தது. இதில் வழி தவறினால் எந்த மரத்தை அடையாளம் சொல்வது என்ற பயமும் வந்தது.

சைக்கிள் கடை, ஒரு டயர் கடைக்கும் கிளினிக்குக்கும் நடுவில் இருந்தது. கடைக்காரர் குணா அதே வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவர். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் இருபது வருடம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டிருக்கிறார். சொக்குவின் சிபாரிசு. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

என் உயரம், கால் நீளம், கை நீளம், தோள் அகலம் எல்லாவற்றையும் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து எழுதிய காகிதத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கி ஒரு முறை பார்த்தார். மடித்து ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆட்டம் நின்றது.

"பேப்பர் சைக்கிள் ஓட்டாது சார்" என்றார். "மொத நாளு எந்த சைக்கிளும் நல்லாத்தான் இருக்கும். கடையில ஏறி உக்காந்தா ராஜா மாதிரி இருக்கும் லா. நான் மூணாவது நாளுதான் அளவு எடுப்பேன். ஒடம்பு களைச்சிப் போனாத்தான் உண்மைய பேசும்."

"என் உயரத்துக்கு லார்ஜ். கம்பெனி அட்டவணையிலேயே போட்டிருக்கிறது" என்றேன்.

"ஒங்களுக்கு காலு நீட்டு, ஒடம்பு கட்டை. எனக்கு மீடியம்தான் தோணுது."

சுவரோரம் நின்ற மீடியத்தின் சீட்டில் விரலை வைத்துத் தேய்த்து, தூசியைக் குணாவிடம் காட்டினேன். விற்காமல் கிடக்கும் சரக்கை வெளியூர்க்காரன் தலையில் கட்டுவது எங்களூரிலும் நடக்கிறதுதான். குணா கோபப்படவில்லை. "சரி சார், நாளைக்கு லார்ஜே ஓட்டுங்க" என்றார். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கடைக்குப் போய்விட்டோம். "பசியாறிட்டீங்களா?" என்று குணா எதிர்த்த கடைக்கு அழைத்துப்போனார். ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு. நம் பரோட்டாவின் உறவுதான் என்றாலும் இது மெலிந்த உறவு, நான்கு சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. அங்கே முழு சைக்கிள் உடையில் ஒரு பெண் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பெயர் மலர். குலாய் மருத்துவமனையில் தாதியாக வேலை, நாற்பது வயதிருக்கும். தோட்டத்துப் பாதைகள் அவருக்கு மனப்பாடம், அவர்தான் வழிகாட்டி என்றான் சொக்கு. வழிகாட்டி வேண்டும் என்று முந்தைய நாள் ஒருவரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

மலர் ஓட்டுவதைக் கவனித்தேன். மேட்டில் எழுந்து நிற்காமலே ஏறினார். இறக்கத்தில் சைக்கிள் சேற்றில் வழுக்கினாலும் அதைக் கவனிக்காதவர் போலப் பேசிக்கொண்டே போனார். இந்தப் பெண்மணி வழிகாட்ட வந்தவர் இல்லை, என் இடத்துக்கு வந்தவர் என்று எனக்குப் பட்டது. சொக்கு ஆளைத் தயாராக வைத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

அது போதாதென்று அவன் எனக்குப் பின்னாலேயே வந்தான். என்னைவிட எட்டு வயது இளையவன், வேகமானவன். "முன்னாடி போடா" என்றால், "நீங்க போங்க அத்தான்" என்கிறான். அவன் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த தொலைபேசி என் முதுகைப் பார்த்து நின்றது. படம் எடுக்கிறானா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது முறை, வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டை மேல் ஏறிவிட்டேன். மட்டையின் ஓரமெல்லாம் முள். பின் டயர் போயிற்று.

தோட்டத்துக்குள் நிழல் இருக்கிறது, காற்று இல்லை. மரத்தடியில் மாடுகள் மேய்கின்றன. எலி பிடிக்கும் ஆந்தைகளுக்காக ஆங்காங்கே மரப்பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். குலை ஏற்றிய லாரி எதிரே வந்தால் நாம்தான் ஓடைப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஒரு பலகைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்ட மலாய்க்காரர், மலரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். மலர் தயங்கினார்.

"'அந்த அண்ணன் ஓடிப்போற சைக்கிள எட்டிப் புடிக்கற மாதிரியே ஓட்றாரு'ன்னு சொல்றாரு அண்ணே."

மொழிபெயர்ப்பில் குறைத்துச் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினோம். குணா ஆளுக்கொரு தே தாரிக், நுரைக்க ஆற்றிய பால் தேநீர், கொடுத்தார். தம்ளரில் இல்லை. அங்கே கட்டி வாங்கிப்போகிற மாதிரி, பிளாஸ்டிக் பையில் ஊற்றி வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கியிருந்தது. மலர் ஒரே இழுப்பில் அவிழ்த்து உறிஞ்சுகுழாயைச் செருகினார். என் விரல்கள் வளையத்தைத் தேடின. சுண்டுவிரல் என்னுடையது மாதிரியே இல்லை. கடைசியில் பல்லால் கடித்தேன், தேநீர் சட்டையெல்லாம் கொட்டியது.

குணா சொக்குவைப் பார்த்தார். சொக்கு குணாவைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நல்லா இருந்துச்சா சார்?" என்றார் குணா.

"பிரமாதம்" என்றேன். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்து, சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சைக்கிளைக் கடையில் விட மனமில்லை. நான் இல்லாத நேரத்தில் குணா எதையாவது திருகி வைத்து, பார்த்தீர்களா லார்ஜ் சரிப்படவில்லை என்று சொல்லிவிட்டால்? வீட்டுக்குக் கொண்டுபோய் நானே சரிசெய்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சொக்கு மறுபேச்சில்லாமல் அதைக் காரின் கூரைமேல் நிற்கவைத்துக் கட்டினான்.

வழியெல்லாம் அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பான், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொள்வான். ஜொகூர் பாரு வந்ததும் வீட்டுக்கு மாவு வாங்க வேண்டும் என்று ஒரு பேரங்காடியின் நிலத்தடி வாகன நிறுத்தத்துக்குள் காரை விட்டான். நானும் என் சுண்டுவிரலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கார் நின்றது. கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறந்து, உயரத் தடுப்புக்குள் புகுந்துவிட்டோம்.

இறங்கிப் பார்த்தோம். ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. ஃபிரேமில் கழுத்துப் பக்கம் விரல் நீளத்துக்கு விரிசல். காவலாளி இன்னொரு காவலாளியிடம் மலாயில் சொன்னதைச் சொக்கு பிறகு எனக்குச் சொன்னான்: "இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி மஞ்சள் வேறு அடித்திருக்கிறது. இன்னும் என்ன, பாட்டாகவா பாட முடியும்?"

ஆக, லார்ஜ் ஒழிந்தது. பதினைந்து வருடம் இந்த ஊரில் கார் ஓட்டுகிறவன், நான் விரும்பிய ஒரே சைக்கிளை, நான் பிடிவாதம் பிடித்த அதே நாளில் தற்செயலாக இடித்தான் என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? அன்று இரவு சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் காலை, பண்டார் தெங்காரா போகும் வழியில் கேட்டேவிட்டேன்.

"வேணும்னுதானே இடிச்ச?"

"இல்ல அத்தான்" என்றான். அவ்வளவுதான். காது மட்டும் சிவந்தது.

குணா விரிசலைத் தடவிப் பார்த்து "அலமாக்!" என்றார், அங்கத்து ஐயோ அது. கப்பலுக்கு வெல்டிங் வைத்த கை, தொட்டதுமே தெரிந்துகொண்டது. "இது போச்சு. இதுல ஒக்காந்தா பல்லு போயிரும்" என்று உள்ளே கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, "வாங்க பசியாறலாம்" என்றார். கோபமே இல்லை. மூன்று பேரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு உறுதியாயிற்று.

மீடியத்தை எடுத்தேன். குணா சீட்டை எனக்கேற்ப உயர்த்தினார். தூசி துடைத்திருந்தது. சின்னப் பிள்ளைகளின் சைக்கிளில் ஏறிய மாதிரி கூச்சமாக இருந்தது. கோபத்தில் மிதித்தேன். இது சரிப்படாது என்று நிரூபிப்பதற்காகவே இரண்டு மேடுகளை அதிகமாக ஏறினேன். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை மாதிரி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற மழை இல்லை, வாளியோடு கவிழ்க்கிற மழை. செம்மண் பாதை சோப்புப் போட்ட தரை மாதிரி ஆயிற்று.

மூன்று மணி நேரம் கழித்து ஒரு நீண்ட இறக்கத்தில், ஒற்றை விரலால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவதை உணர்ந்தேன். திடுக்கிட்டேன். வலி எங்கே? கழுத்தில் தேடினேன், இல்லை. மணிக்கட்டில் தேடினேன். சுண்டுவிரலை ஆட்டினேன், அது ஆடியது. ஒரு வேளை இதுதான் அந்தக் கடைசிக் கட்டம், இனி மொத்தமாக மரத்துப்போகும் என்று காத்திருந்தேன். கடை வந்து சேர்ந்தது.

மறுபடியும் பிளாஸ்டிக் பையில் தேநீர். பேசிக்கொண்டே ரப்பர் வளையத்தை அவிழ்த்து இரண்டு வாய் குடித்த பிறகுதான் கவனித்தேன். எனக்கு மட்டும் இளக்கமாகக் கட்டியிருப்பார்கள் என்று மலர் கையிலிருந்த பையை வாங்கி, அதையும் அவிழ்த்துப் பார்த்தேன். அவிழ்ந்தது.

"இன்னொண்ணு கட்டித் தரவா சார்?" என்றார் குணா.

பிறகு சொக்குவின் தொலைபேசியை வாங்கி என் முன்னால் வைத்தார். "ஓட்றவங்கள கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. நேத்து நீங்களும் சொன்னீங்க. அதான் ஜோடி ஓட்டத்துல நான் பின்னால வர்றவங்களத்தான் கேப்பேன். அவரத்தான் படம் எடுக்கச் சொன்னேன்."

நேற்றைய படத்தில் லார்ஜ் சைக்கிளில் ஒரு முதுகு. தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. கை இரண்டும் முழங்கை மடங்காமல் விறைத்து நின்றன. இன்றைய படத்தில் அதே முதுகு, தோள் இறங்கி, முழங்கை மடங்கி, ஏதோ கடைக்குப் போகிறவன் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தேழு வயதில் என் முதுகை அன்றுதான் பார்த்தேன்.

சொக்கு இன்னொரு படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அதிலும் காது வரை ஏறிய தோள். ஆனால் பாதை வேறு, சட்டை வேறு. போன வருடப் பந்தயத்துச் சட்டை.

"இது மொத நாளு அத்தான்" என்றான். "போன வருசம் மொத நாளே எனக்குத் தெரிஞ்சிருச்சு, ஒங்க சைக்கிள் ஒங்களுக்குப் பெருசுன்னு. சொல்லியிருக்கணும். நீங்களே அளவு எடுத்து, பொட்டியில கட்டி, அவ்ளோ ஆசையா கொண்டாந்திருந்தீங்க. எனக்கு வாய் வரல. மூணாவது நாள் ஒங்க கை போச்சு. நான் சொல்லாததாலதானே போச்சு? அதான் ஆச்சி போன் பண்ணி வயிறு எப்படிடா இருக்குன்னு கேட்டப்ப, ஆமா ஆச்சி சரியில்லன்னு சொல்லிட்டேன்."

அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள் என் மனைவி வீட்டில்.

"நேத்து?"

"நேத்தும் இதை எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டே காடி ஓட்டினேன். மேல சைக்கிள் இருக்கிறதே மறந்துபோச்சு."

"மலர்?" என்றேன். விட மனமில்லை எனக்கு.

அவன் தரையைப் பார்த்தான். "லார்ஜ்தான் வேணும்னு நீங்க பிடிவாதமா நின்னா, மலரக் கேக்கலாம்னு இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் அத்தான்."

"நான் இன்னும் சரின்னு சொல்லல லா" என்றார் மலர், தேநீரை உறிஞ்சிக்கொண்டே.

ஆக, என் சந்தேகத்தில் ஒரு பங்கு சரியாகத்தான் இருந்தது. அதில் எனக்குத் துளிக்கூட மகிழ்ச்சி இல்லை. வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக இவன் என் பொய்க்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். நானோ அவன் மௌனத்தைப் பூதக்கண்ணாடி வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். குணா மீடியத்தின் சீட்டுக் கம்பத்தில் கோடு போட்டு அளவைக் குறித்துக்கொண்டார். "அடுத்த வாரம் இதுதானே சார்?" என்றார். இதுதான் என்றேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. விசாலாட்சியைக் கூப்பிட்டு, மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி ஒலிபெருக்கியில் போட்டேன்.

"விசாலம், போன வருஷம் சொக்குவுக்கு வயிறு நல்லாத்தான் இருந்தது. நின்னது நான். கை மரத்துப்போச்சு. ஆலையில மானம் போயிடும்னு உங்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"சொக்கு அங்க இருக்கானா?"

"இருக்கேன் ஆச்சி."

"அப்ப நான் போறவங்க வர்றவங்க கையிலெல்லாம் மாசாமாசம் லேகியம் கிண்டிக் கொடுத்துவிட்டேனேடா. வேப்பம்பட்டை போட்டது. அதை என்ன பண்ணின?"

சொக்கு என்னைப் பார்க்கவில்லை.

"சாப்ட்டேன் ஆச்சி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்" என்றான்.

நான் நம்பினேன்.